வரப்பு மேல் ஒரு ரயில்

1

மலேசியாவில் நான் இருக்கும் நகரத்தில் தலைக்கு மேலே ஒரு மோனோ ரயில் ஓடுகிறது. அதைக் கட்டியவன் நான்தான்.

பொய். கட்டியவர்கள் வேறு ஆட்கள், படித்தவர்கள். கிரேன் அந்தப் பெரிய சிமெண்ட் உத்திரத்தைத் தூக்கித் தூண் மேல் வைக்கும்போது, கீழே கார்க்காரன் எவனும் புகுந்துவிடாமல் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு நின்றவன் நான். ஊரில் இருந்தபோது எல்லாக் கட்சிக்கும் கொடி பிடித்தவன் என்பதால் இங்கேயும் கொடி சாயாமல் பார்த்துக்கொண்டேன். அங்கே பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள், இங்கே சம்பளம் கொடுத்தார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். ரயில் ஓட ஆரம்பித்ததும் ஸ்டேஷனில் கண்ணாடி துடைக்கிற வேலைக்கு மாற்றினார்கள்.

ஆனாலும் ஊருக்குப் போன் போட்டால் என் அக்கா புருஷன் முதலில் விசாரிப்பது ரயிலைத்தான்.

"மாப்ள, உன் ரயிலு எப்டி கீது?"

"சோக்கா கீது மாமா."

"நீதான் ஓட்றியா?"

"இல்ல மாமா. நான் பாத்துக்கினு கீறேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துடைத்த கண்ணாடி வழியாக.

என் பெயர் ஏகாம்பரம். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற டவுன் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி ஏரிக்கரை மேலேயே நடந்தால் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்றாம் வகுப்போடு பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. எழுத்துக் கூட்டப் பழகியதெல்லாம் சுவர் விளம்பரத்தில்தான். அதனால் நான் எழுதும் எழுத்து எல்லாம் ஓட்டுக் கேட்கிற மாதிரியே இருக்கும். இங்கே தமிழ்ப் பள்ளியில் படிக்கும் என் மகள் கவிதா உட்கார்ந்து திருத்துகிறாள். நான் 'கீது' என்று எழுதினால் அடித்துவிட்டு 'இருக்கிறது' என்று போடுகிறாள். மனிதர்கள் பேசுகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே என்று கெஞ்சி வைத்திருக்கிறேன்.

2

மோனோ ரயில் என்றால் என்ன என்று ஊரில் பல பேர் கேட்கிறார்கள். சொல்கிறேன்.

மற்ற ரயிலுக்குத் தண்டவாளம் இரண்டு. இதற்குப் போக ஒன்று, வர ஒன்று. அதுவும் இரும்பு இல்லை, சிமெண்ட் உத்திரம். ரோட்டு நடுவில் வரிசையாகத் தூண் நட்டு, மேலே உத்திரத்தைப் படுக்க வைத்துவிடுவார்கள். ரயில் அதன் மேல், எருமை மேல் ஆள் உட்காருகிற மாதிரி, இரண்டு பக்கமும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காரும். சக்கரம் ரப்பர் டயர், அதனால் சத்தமும் குறைச்சல்.

நம் பக்கத்து ஆளுக்கு இவ்வளவு விளக்கமே வேண்டாம். வரப்பு என்றால் போதும். இரண்டு பக்கமும் நெல், நடுவில் கால் வைக்கிற அகலத்துக்கு ஒரு மேடு, அதன் மேல் ஊர் மொத்தமும் போய்வருகிறது. தலையில் நாற்றுக்கட்டோடு பெண்கள் போவார்கள், சைக்கிளில் பால்காரன் போவான். வரப்பு போடுவதற்காக யார் வீட்டையும் இடிக்க வேண்டாம், யார் நிலத்தையும் எழுதி வாங்க வேண்டாம். எதிரே ஆள் வந்தால் மட்டும் யாராவது ஒருத்தர் சேற்றில் இறங்க வேண்டும்.

பூமிக்குள் ஓடுகிற சுரங்க ரயில் இருக்கிறதே, அது கிணறு. கிணறு என்றால் நான் பத்தடி தள்ளி நடக்கிறவன். என் அப்பா முனுசாமி ஒரு கிணறு வெட்டினார். பாறை வந்தது. வெடி வைத்தார்கள். அதற்குக் கீழே வேறு பாறை வந்தது. அம்மாவின் நகை உள்ளே போயிற்று. அப்புறம் உழவு மாடு போயிற்று. கடைசியில் கிணறு வெட்டின நிலமே போயிற்று. அதற்கப்புறம் தண்ணீர் வந்தது, வாங்கினவனுக்கு.

மேலே கட்டுவதென்றால் எதிரில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. எவ்வளவு செலவாகும் என்று உட்கார்ந்து சொல்லிவிடலாம். கீழே என்ன இருக்கிறது என்று தோண்டின பிறகுதான் தெரியும். அதனால்தான் காசு குறைந்த ஊருக்கு மோனோ ரயில்தான் லாயக்கு என்று எங்கள் கம்பெனி மேனேஜர் வருகிற விருந்தாளி எல்லாரிடமும் ஆங்கிலத்தில் சொல்வார். எனக்கு அந்த ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அப்பா கிணறு எனக்குத் தெரியும். தலையை ஆட்டுவேன்.

3

கிணறு போன பிறகுதான் நான் விமானம் ஏறினேன். இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்புவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். இங்கே சாப்பாட்டுக் கடையில் தேங்காய்ச் சோறு விற்றுக்கொண்டிருந்த, இந்த ஊரிலேயே பிறந்த சரோஜாவிடம் தினமும் கடன் சொல்லிச் சாப்பிட்டு, கடைசியில் கடனை அடைக்க வழி இல்லாமல் அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். இப்படித்தான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் அவள்தான் இரக்கப்பட்டுக் கேட்டாள்.

வருடா வருடம் விசா புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருக்கிறது. அதனால் கவுண்டரில் என்னைக் கூப்பிட மாட்டார்கள், "முனுசாமி!" என்றுதான் கூப்பிடுவார்கள். என் அப்பா காஞ்சிபுரத்தைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. செத்த பிறகு வருடா வருடம் மலேசியா வந்துபோகிறார். முதல் இரண்டு தடவை நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். இப்போதெல்லாம் எழுந்து போய் அவருக்காகக் கைரேகை வைத்துவிட்டு வருகிறேன்.

நோன்புப் பெருநாள் வந்தால் இந்த நகரமே காலியாகும். எல்லாரும் அவரவர் சொந்த ஊருக்கு, இவர்கள் பாஷையில் கம்போங்குக்கு, கிளம்பிவிடுவார்கள். அப்படி ஒரு பெருநாளில் காலி ரோட்டைப் பார்த்துக்கொண்டு கவிதா கேட்டாள்.

"அப்பா, நம்ம கம்போங் எங்கப்பா?"

"சாலவாக்கம் பக்கம்மா."

"இல்லப்பா. உங்களது கேக்கல. நம்மளது."

நான் அடுப்படியில் ஏதோ கருகுகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். அன்று வீட்டில் அடுப்பே பற்ற வைக்கவில்லை.

ஊருக்குப் போகாமல் இல்லை, இரண்டு முறை போனேன். எனக்கென்று பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டார்கள். குடிக்க பாட்டில் தண்ணீர் வாங்கி வைத்தார்கள். ஏரித் தண்ணீரில் எருமையோடு முங்கி அதையே குடித்து வளர்ந்தவனுக்கு பாட்டில் தண்ணீர்! நாலு நாள் போனதும் வருகிறவன் எல்லாம் ஒரே கேள்விதான். "எப்போ கெளம்பற?"

எனக்கு அப்படிப் போக வேண்டாம். வேலையோடு போக வேண்டும். காலையில் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பஸ் பிடிக்க வேண்டும். படிக்கட்டில் தொங்கி கண்டக்டரிடம் திட்டு வாங்க வேண்டும். சாயந்திரம் திரும்பும்போது ஊரில் ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்த மாதிரி.

4

அந்த நேரத்தில்தான் சென்னையிலும் மோனோ ரயில் விடப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. மாமா போனில் சொன்ன அன்றைக்கே பரண் மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்தேன்.

"மறுபடியும் பெட்டியா லா?" என்றாள் சரோஜா. இந்த ஊர்ப் பேச்சுக்கு வாலாக ஒரு 'லா' உண்டு.

"அங்க ரயிலு வருது சரோஜா. தொடைக்க ஆளு வேணும்ல?"

"அந்த ஊர்ல கண்ணாடி தொடைக்க ஆளே இல்லையா?"

"மோனோ ரயிலு கண்ணாடி தொடச்ச ஆளு இல்ல. நான் ஒருத்தன்தான்."

நான் இறக்கி வைத்த பெட்டி மேல் கடைக்கு வேண்டிய வெங்காய மூட்டையை வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார். சென்னையிலிருந்து அதிகாரிகள் இந்த ரயிலைப் பார்க்க வருகிறார்களாம். கூடவே போய்த் தண்ணீர் பாட்டில் கொடுக்க வேண்டும், தமிழில் ஏதாவது கேட்டால் சொல்ல வேண்டும். அங்கே இதைப் போடுவதா வேண்டாமா என்று சொல்லப் போகிற மனிதர்கள். அவர்கள் வாயில்தான் நான் வீடு போவது இருக்கிறது.

வந்தவர்களில் பெரிய அதிகாரி ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். அவருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையும் சாப்பாடும் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்தே ஓர் உதவியாளைக் கூட்டி வந்திருந்தார். அந்த ஆள் தோளில் பச்சைக் கரை போட்ட துண்டு. என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"இன்னாபா, நாஷ்டா துன்னியா?"

இந்த நாட்டில் எத்தனையோ பேர் எத்தனையோ பாஷையில் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார்கள். 'துன்னியா' என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

"நீங்க எந்தூருண்ணே?"

"மாகறலு. கன்னியப்பன்னு பேரு. நீ?"

"சாலவாக்கம் ரோட்லண்ணே!"

"அடி செருப்பால! நம்ம ஆளா நீ? இங்க வந்து இன்னா பண்ணிக்கினு கீற?"

"கண்ணாடி தொடச்சிக்கினு கீறேண்ணே."

"அதுக்கா இம்மாந் தூரம் வந்த? அங்க கண்ணாடி இல்லியா?"

"அங்க கீற கண்ணாடில என் மூஞ்சி தெரியுதுண்ணே."

அவர் சிரித்த சிரிப்பில் பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு, மாகறல் கோயிலில் கூட்டம் எப்படி, செய்யாற்றில் மணல் மிச்சம் இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். தண்ணீர் பாட்டில் என் கையிலேயே சூடாகிவிட்டது.

பெரிய அதிகாரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் போலிருக்கிறது. "இந்த ரயில் எப்படிப்பா?" என்று என்னிடமே கேட்டார். விடுவேனா? வரப்பையும் கிணற்றையும் எடுத்துவிட்டேன். அப்பாவின் நகை, மாடு, நிலம் எல்லாம் அவர் காலடியில் கொண்டுபோய்க் கொட்டினேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ரொம்பச் சரியாச் சொல்றாரு. நம்ம ரோட்டுக்கு இது ஒத்து வரும்போலத்தான் இருக்கு" என்றார்.

என் மனசு அதற்குள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டது.

5

பஸ் ஸ்டாண்டு என்றதும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் காஞ்சிபுரம் பஸ் உள்ளே நுழையும்போதே, நிற்பதற்கு முன்னால், ஜன்னல் வழியாகத் துண்டு போட வேண்டும். துண்டு எந்த சீட்டில் விழுந்ததோ அந்த சீட் அவனுடையது. துண்டு இல்லாதவன் பையைப் போடுவான். பையும் இல்லாதவன் செருப்பைக் கழற்றிப் போடுவான். செருப்பு கிடக்கிற சீட்டைக்கூட ஒருத்தரும் தொட மாட்டார்கள். அவ்வளவு மரியாதை.

ரயில் வந்தது. வேலை விடுகிற நேரம், பிளாட்பாரம் நிறையக் கூட்டம். கன்னியப்பன் அண்ணன் பதறினார்.

"ஏகாம்பரம், ஐயாவால நிக்க முடியாதே. சீட்டு?"

அத்தனை வருடம் கழித்து நம் ஊர்ப் பேச்சைக் கேட்ட மயக்கத்தில் நான் எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே மறந்துபோயிற்று.

"துண்டு போடுண்ணே!"

அவருக்கும் மறந்துபோயிருக்க வேண்டும். கதவு திறந்த நொடியில் ஏழெட்டுத் தலைகளுக்கு மேலே துண்டைச் சுழற்றி வீசினார். என்ன அழகான வீச்சு! ஆனால் இந்த ஊர் ஜனத்துக்குத் துண்டு என்றால் என்னவென்று தெரியாது. ஒரு பெண் பயந்து காலால் தள்ளினாள். துண்டு வாசலுக்கு வந்தது. நாங்கள் ஏறுவதற்குள் கதவு மூடியது, துண்டு மேல்.

கதவு திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. துண்டின் முனை கதவு ஓடுகிற பள்ளத்துக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. கதவு சரியாக மூடாமல் ரயில் நகராது, அதன் குணம் அப்படி. டிரைவர் இறங்கி வந்தார். காவலாளி வந்தார். கன்னியப்பன் அண்ணன் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், நான் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன்.

"வுடுபா, கிய்ஞ்சிடப் போவுது! பொண்ணு வாங்கிக் குட்த்தது!"

"கிய்ஞ்சாத்தாண்ணே ரயிலு போவும்!"

"பேஜாராப் பூட்ச்சே. ஐயா பாக்கறாரே!"

ஐயா எங்களைப் பார்க்கவில்லை. அவர் பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்று பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த அடுத்த ரயில், ஸ்டேஷனுக்குள் இடம் இல்லாமல், உத்திரத்தின் மேலேயே நின்றுவிட்டது. கீழே கார்கள் போய்க்கொண்டிருந்தன. மேலே அந்தரத்தில் ஒரு ரயில் நிறைய ஜனங்கள், கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு கீழே பார்த்தார்கள்.

"அதுல இருக்கறவங்க இப்ப எப்படி இறங்குவாங்க?" என்று கேட்டார்.

"எறங்க மாட்டாங்க சார். இது கெளம்புனா அது வந்துடும்."

"இது கிளம்பலைன்னா?"

"ஏணி வண்டி வரும் சார்."

"கீழ ரோடு அடைச்சிக்கிட்டு இருந்தா?"

சிரிக்க வைத்துவிடலாம் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

"நம்ம ஜனம் ஏணிக்கெல்லாம் காத்துக்கினு இருக்காது சார். தூணப் புட்சிக்கினு வழுக்கிக்கினே எறங்கிடும்."

சிரிக்கவும் செய்தார். சிரித்து முடித்துவிட்டு, "புள்ளத்தாச்சி?" என்றார்.

நான் திரும்பிப் போய் அண்ணன் இடுப்பை மறுபடி பிடித்துக்கொண்டேன்.

துண்டு பாதி கிழிந்து வெளியே வந்தது. ரயில் கிளம்பிப் போயிற்று, நின்ற ரயிலும் வந்து சேர்ந்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் விருந்தாளிகளுக்கு ஆங்கிலத்தில் நிறைய விளக்கம் சொன்னார். பெரிய அதிகாரி பொறுமையாகக் கேட்டார். ஆனால் அவர் கண் அந்த வெறும் உத்திரத்தின் மேலேயே இருந்தது. நம் ஊர்க் கூட்டத்தை அதன் மேல் ஏற்றிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் ஏற்றிப் பார்த்தேன். காலையில் மவுண்ட் ரோட்டில் இறங்குகிற கூட்டம், தாம்பரத்தில் ஏறுகிற கூட்டம். அந்த இரண்டு மூன்று பெட்டிகளுக்குள் எவ்வளவு அடைத்தாலும் வெளியே ஆள் மிச்சம் இருந்தது.

அவர்கள் வண்டி ஏறும்போது ஓடிப்போய் நின்றேன்.

"சார், இது வேணாம்னு எழுதிடாதீங்க சார்."

"ஏம்பா?"

"அங்க இது வந்தா எனக்கு வேல கெடைக்கும் சார். இந்த வேல எனக்குத் தெரியும். நான் வூட்டுக்குப் போவலாம் சார்."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை.

"வூட்டுக்குப் போவ ரயில் எதுக்குப்பா? பஸ்ஸு ஓடுதே."

6

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் ஒரு நல்ல ஜோக் இல்லை.

அன்று சாயந்திரம் எல்லாக் கண்ணாடியையும் மறுபடி துடைத்தேன். துடைக்கத் துடைக்க, ரயில் வந்தால்தான் போவேன் என்று எனக்கு யார் சொன்னது என்று யோசித்தேன். ஒருத்தரும் சொல்லவில்லை. ரயில் வரட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நாளைக்கே கிளம்ப வேண்டியதில்லை. போக மாட்டேன் என்றும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவில் அந்த இடம் எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. என்னவோ, மனசு அங்கே கிடந்து அடித்துக்கொள்வது மட்டும் பொய் இல்லை.

ரொம்ப நாள் கழித்து கன்னியப்பன் அண்ணன் போன் பண்ணினார்.

"ஏகாம்பரம், இன்னாத்த சொல்றது. தோண்டப் போறாங்கபா."

"மேலயே இல்லியாண்ணே?"

"கொஞ்ச தூரம் மேல, கொஞ்ச தூரம் கீய. பெரிய ரயிலு. கூட்டம் தாங்கணும்ல? செலவு ஆனா ஆவட்டும்னுட்டாங்க. உன் தப்பு இல்லபா, துண்டுனால இல்ல."

"எனக்குத் தெரியும்ணே."

"பொண்ணு வேற துண்டு வாங்கிக் குட்த்துட்ச்சி."

அவர் சமாதானம் சொல்லச் சொல்ல என் மூளை வேறு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. தோண்டுகிறார்களா? தோண்டவும் ஆள் வேண்டுமே. இந்த நகரத்திலும் ஓர் இடத்தில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மறு வாரமே கண்ணாடி துடைக்கிற துணியை ஒப்படைத்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். ஆமாம், நான்தான். இவ்வளவு நேரம் உங்களிடம் கிணற்றைத் திட்டிக்கொண்டிருந்த அதே ஏகாம்பரம். இப்போது சுரங்கத்து வாய்க்குப் பக்கத்தில் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன். கால் பக்கத்தில் குழி, அதன் வாயில் ஆளை இறக்குகிற இரும்புக் கூண்டு. எட்டிப் பார்த்தால் அடியில் சின்னதாக விளக்கு தெரிகிறது. எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

புது வேலையைப் பற்றி வீட்டில் சொன்ன அன்று சரோஜா தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, "தோண்டக் கத்துக்கிட்டு அங்கதானே போவீங்க?" என்றாள். நான், "வேற எங்க?" என்றேன். ரொம்ப நாளாக அவள் அந்தப் பெட்டி மேலிருந்து வெங்காய மூட்டையை எடுக்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த கவிதா தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அப்பா, அப்ப நாங்களும் வரணுமா?"

சரோஜா கையில் கரண்டியோடு நின்றுவிட்டாள். இந்தத் தடவை அடுப்படியில் எதுவும் கருகவில்லை, எழுந்து போகவும் வழி இல்லை. கவிதாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் நோட்டை மூடிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் அவளிடம் என்ன சொன்னேன் என்றால்...

"ஏகா! இன்னும் என்னா லா எழுதிக்கிட்டு? கூண்டு கீழ போவுது, ஒனக்காக எல்லாரும் நிக்கிறாங்க, வா!"

எங்கள் மேஸ்திரி. அவர் இரண்டாவது தடவை கூப்பிட மாட்டார்.